எது தேவை, எது தேர்வு: மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் பெண்ணின் இடம்



தங்கள் தாயாரின் நினைவாக ஒரு குடும்பத்தினர் நிறுவியிருக்கும் இந்த அறக்கட்டளையில், மார்பகப் புற்றுநோய்க்கு என்னென்ன சிகிச்சைகள் உண்டு என்று பேசும்படி கேட்டார்கள். ஆபரேஷன், கரண்ட் என்று நம் ஊரில் சொல்லும் கதிர்வீச்சு, கீமோ, மாத்திரை என்று வரிசையாகச் சொன்னால் அரை மணியில் முடித்துவிடலாம். கேட்டுவிட்டுப் போகிறவருக்கு அதனால் பெரிய பயன் இராது. அரசு மருத்துவமனையில் அறுவை மருத்துவராக வேலை பார்த்த காலம் முழுவதும் நான் கண்ட சிக்கல் வேறு. இந்த நோயில் சில விஷயங்களைக் கட்டியே முடிவு செய்துவிடுகிறது. அங்கே அதன் குணத்துக்கு ஏற்ற மருந்தைக் கொடுத்தே ஆகவேண்டும். வேறு சில விஷயங்களில் உண்மையிலேயே இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டும் உயிரை ஒரே அளவுக்குக் காக்கின்றன. அங்கே முடிவு அந்தப் பெண்ணுடையது. நம்மிடம் பெரும்பாலும் இது மாறி நடக்கிறது. தேர்வு இருக்கும் இடத்தில் அவரை யாரும் கேட்பதில்லை. தேர்வே இல்லாத இடத்தில், வருடக்கணக்கில் விழுங்கவேண்டிய மாத்திரையில், அவரைத் தனியே விட்டுவிடுகிறோம், அவரும் நிறுத்திவிடுகிறார்.

2022ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது, ஏறத்தாழ 98,000 பேர் இதனால் இறந்தார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை தரும் மதிப்பீடு. இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். குணப்படுத்தும் வழிகள் நன்றாகத் தெரிந்த ஒரு நோயில் இத்தனை பேரை இழக்கிறோம்.

முதலில் மார்பை எடுப்பது பற்றிப் பேசுகிறேன். குடும்பத்தினர் முதலில் கேட்பதும் அதைத்தான்: “டாக்டரம்மா, நாளைக்கே எடுத்துடலாமா?”

இந்த அவசரத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் 1894இல் தன் முறையைப் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். புற்று ஓரிடத்தில் தொடங்கிப் படிப்படியாகச் சுற்றிலும் பரவுகிறது, ஆகவே எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது அவர் கொள்கை. மார்பகம், அதன் அடியிலுள்ள நெஞ்சுத் தசை, அக்குளிலுள்ள நெறிகள் (நிணநீர் முடிச்சுகள்), எல்லாவற்றையும் ஒரே துண்டாக எடுத்தார். அந்தக் காலத்துக்கு அது முன்னேற்றம்தான். அதற்கு முன்பெல்லாம் வெட்டிய இடத்திலேயே கட்டி திரும்ப முளைப்பது மிகச் சாதாரணம். அவர் அதைப் பெருமளவு குறைத்தார். ஆனால் பெண்கள் கொடுத்த விலை கடுமையானது. விலா எலும்பு தோலுக்கடியில் தெரியும். கை வீங்கிக் கனக்கும். தலைவாரக் கையைத் தூக்க முடியாது. அதைவிடக் கொடுமை, அத்தனை வெட்டியும் பலர் சில ஆண்டுகளில் நுரையீரலிலோ எலும்பிலோ பரவிய நோயால் இறந்தார்கள். எருக்கங்காய் வெடித்துப் பஞ்சு பறந்தபின் செடியைச் சுற்றி எவ்வளவு மண்ணைத் தோண்டினாலும் பறந்த விதை திரும்பாது. இதை ஏற்க மருத்துவ உலகுக்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் பிடித்தன.

ஐயம் எழுப்பியவர்கள் இல்லாமல் இல்லை. லண்டனில் ஜெஃப்ரி கெய்ன்ஸ், பொருளியல் அறிஞர் கெய்ன்ஸின் தம்பி, 1920களிலேயே முழு மார்பையும் வெட்டாமல் ரேடியம் ஊசிகளை வைத்துச் சிகிச்சை செய்து நல்ல பலன் கண்டார். யாரும் காது கொடுக்கவில்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர் 1970களில் இதைச் சோதித்தே பார்த்துவிடுவது என்று இறங்கினார். 1976இல் அவர் தொடங்கிய ஆய்வில் 1,851 பெண்கள் இடம்பெற்றார்கள். ஒரு பிரிவினருக்கு மார்பகம் முழுவதும் எடுக்கப்பட்டது. இன்னொரு பிரிவினருக்குக் கட்டியை மட்டும். மூன்றாம் பிரிவினருக்குக் கட்டியை எடுத்தபின் கரண்டும் வைக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2002இல் முடிவைச் சொன்னார்கள். உயிரோடு இருந்தவர்களின் விகிதத்தில் மூன்று பிரிவுகளுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டவர்களில் 39 விழுக்காட்டினருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. கரண்டும் வைத்துக்கொண்டவர்களில் 14 விழுக்காட்டினருக்குத்தான் திரும்பியது. இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரோனேசி 1973இல் தொடங்கி 701 பெண்களிடம் செய்த ஆய்வும் இதையே சொன்னது. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முடிவு செய்த இந்த ஆய்வுகளில் இந்தப் பெண்கள் பங்கேற்றார்கள். நான் ஆபரேஷன் செய்து மார்பகத்தைக் காப்பாற்ற முடிந்த ஒவ்வொரு பெண்ணும் அவர்களுக்குக் கடன்பட்டவர். நானும்தான்.

இதே காலத்தில் அமெரிக்காவில் ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் இன்னொரு சண்டை போட்டார். அப்போதெல்லாம் கட்டி என்ன என்று சோதிப்பதும், புற்று என்றால் மார்பை எடுப்பதும் ஒரே மயக்கத்தில் நடக்கும். கண் விழிக்கும்போது மார்பு இருக்குமா இருக்காதா என்று தெரியாமலே பெண் கையெழுத்திட வேண்டும். 1974இல் தன் மார்பில் கட்டியைக் கண்டபோது குஷ்னர் இதை மறுத்தார். சோதனை ஒரு நாள், ஆபரேஷன் இன்னொரு நாள், நடுவில் யோசிக்க எனக்கு நேரம் வேண்டும் என்றார். அதை எழுதினார், பேசினார். 1979இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு அந்த ஒரே மயக்க வழக்கத்தைக் கைவிடச் சொன்னது. குழுவில் அவரும் இருந்தார். சிகிச்சை வரலாற்றில் இதை மருந்துக் கண்டுபிடிப்புகளுக்குச் சமமாகவே நான் மதிக்கிறேன்.

யோசிக்க நேரம் உண்டா? உண்டு. ஊசி மூலம் திசு எடுத்து, கட்டியின் குணம் அறிந்து, தேவையான ஸ்கேன்களைப் பார்த்து முடிவெடுக்க இரண்டு மூன்று வாரம் ஆனால் பெரும்பாலோருக்குக் கேடு இல்லை. இரண்டு மூன்று மாதம் ஆனால் கேடு. ஊசி குத்தினால் பரவிவிடும் என்ற பயம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது தவறு. திசுச் சோதனை இல்லாமல் நேரே கத்தி வைப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் எதைக் கொண்டு தாக்கவேண்டும் என்று தெரியாமலே தாக்குகிறோம்.

மார்பைக் காக்கும் ஆபரேஷன் எல்லோருக்கும் ஆகாது. ஒரே மார்பில் பல இடங்களில் கட்டி, தோல் முழுவதும் சிவந்து வீங்கும் வகை, முன்பே அந்த மார்பில் கரண்ட் வைத்திருப்பது, எத்தனை முறை ஓரத்தை எடுத்தாலும் புற்று தெரிவது, இவற்றில் பெரும்பாலும் முழுதாக எடுப்பதே சரி. கட்டி பெரிதாக இருந்தால் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டுப் பிறகு ஆபரேஷன் செய்யலாம். கீமோவை முன்னால் கொடுத்தாலும் பின்னால் கொடுத்தாலும் ஆயுளில் வேறுபாடு இல்லை என்பது நிறுவப்பட்டிருக்கிறது. முற்றிய கட்டிகளுக்கு முதலில் கீமோவும் கரண்டும் கொடுத்துப் பிறகு ஆபரேஷன் செய்யும் முறையில் அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 12 படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது; டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வளர்த்தது. நம் பெண்கள் கட்டி முற்றியபின் வருகிறார்கள் என்பதைக் குறையாகச் சொல்லிக்கொண்டிருக்காமல், வந்த நிலையிலேயே அவர்களுக்கு என்ன செய்யலாம் என்று அங்கே தேடினார்கள். மருத்துவ மாணவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: கீமோ தொடங்கும் முன் கட்டிக்குள் ஒரு சிறிய உலோகக் கிளிப்பை வைத்துவிடுங்கள். கட்டி முழுதும் கரைந்துவிட்டால், எங்கே இருந்தது என்று பிறகு தேடிக்கொண்டிருக்க நேரும்.

நம் ஊரில் தேர்வைப் பறிப்பது பெரும்பாலும் தூரம்தான். கட்டியை மட்டும் எடுத்தால் கரண்ட் கட்டாயம். கரண்ட் வைக்கும் கருவி பெரிய ஊர்களில்தான் இருக்கிறது. முன்பு ஐந்து ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் போகவேண்டியிருந்தது. மாட்டைப் பார்க்க ஆளில்லை, பிள்ளைக்குப் பரீட்சை, தங்க இடமில்லை என்று சொல்லி, “முழுசா எடுத்துடுங்கம்மா, வந்து போக முடியாது” என்பார்கள். அதை அவர்களுடைய விருப்பம் என்று நாங்கள் எழுதிக்கொள்வோம். பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் மூன்று வாரத்தில் 15 தவணை போதும் என்று காட்டின. 2020இல் வெளிவந்த ஃபாஸ்ட்-ஃபார்வர்டு ஆய்வு, 4,096 பேரிடம் ஐந்தாண்டு பார்த்து, ஒரே வாரத்தில் ஐந்து தவணையும் போதும் என்றது. ஐந்து நாள் என்றால் ஒரு பெண் தன் அக்கா வீட்டில் தங்கிக்கூட முடித்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் ஐந்து நாள் பொருந்தாது. ஆனால் கேட்கவேண்டிய கேள்வி இது. இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மார்பை முழுதாக எடுத்தாலும் அக்குள் நெறிகளில் நோய் இருந்தால் பலருக்குக் கரண்ட் தேவைப்படும். கரண்டிலிருந்து தப்பிக்கத்தான் மார்பையே கொடுத்தேன், இப்போது அதுவும் வேண்டுமென்கிறீர்களே என்று ஒரு பெண் அழுதால் அவருக்குப் பதில் கிடையாது.

அக்குள் விஷயத்திலும் கேட்க இடமுண்டு. நெறிகளில் நோய் இருப்பது முன்பே தெரியாதவர்களுக்கு, மார்பில் நீலச் சாயத்தைச் செலுத்தி அது முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு நெறிகளை மட்டும் எடுத்துச் சோதித்தால் போதும். அவற்றில் இல்லையென்றால் மீதியைத் தொடவேண்டாம். கை வீக்கம் பெருமளவு குறையும். நாற்று நடுகிற, துணி துவைக்கிற, தண்ணீர்க் குடம் தூக்குகிற கை அது. மெத்திலீன் புளூ என்ற மலிவான சாயமே இதற்குப் போதும்.

இனி, கட்டி முடிவு செய்வதைப் பார்ப்போம். திசுச் சோதனை அறிக்கையில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று வரிகள் இருக்கும். ஸ்டேஜ் என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள்; இந்த மூன்று வரிகளை யாரும் கேட்பதில்லை. எந்த மருந்து என்பதை இவைதான் சொல்கின்றன.

ஈ.ஆர். இருக்கிறது என்றால் அந்தக் கட்டி பெண்ணின் உடலிலுள்ள ஈஸ்ட்ரோஜனைக் கொண்டு வளர்கிறது. கிளாஸ்கோவின் ஜார்ஜ் பீட்சன் 1896லேயே சினைப்பைகளை எடுத்துவிட்டால் சில பெண்களுக்குப் புற்று சுருங்குவதைக் கண்டு எழுதினார்; ஏன் என்று அப்போது தெரியாது. 1962இல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவன ஆய்வகத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் உருவாக்கிய டாமாக்சிபென், கருத்தடை மாத்திரையாகத் தேடப்பட்டது. அதற்கு அது உதவவில்லை. பிறகு இந்த நோயில் அது என்ன செய்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது: ஈ.ஆர். உள்ள பெண்கள் ஐந்தாண்டு முழுதாகச் சாப்பிட்டால், 15 ஆண்டுக் காலத்தில் இந்த நோயால் வரும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. சிலருக்குப் பத்தாண்டு கொடுப்பது இன்னும் நல்லது. மாதவிடாய் நின்றவர்களுக்கு லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்றவை உண்டு. இத்தனை மலிவாக, இத்தனை உயிரைக் காக்கும் மருந்து புற்றுநோயில் வேறு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நிறுத்திவிடுகிறார்கள். ஆபரேஷனுக்கு மொத்தக் குடும்பமும் வரும். கீமோவுக்கு மகளோ மருமகளோ வருவார். மூன்றாம் வருடத்து மாத்திரைக்கு யாரும் வருவதில்லை. உடம்பில் அனல் அடிக்கிறது, தூக்கம் இல்லை, மூட்டு வலிக்கிறது, பிறப்புறுப்பு வறண்டுபோகிறது. இவற்றை யாரிடம் சொல்வது? வயசாகிவிட்டது, அப்படித்தான் என்பார்கள். நன்றாகத்தானே இருக்கிறோம், எதற்கு மாத்திரை என்று ஒரு நாள் விட்டுவிடுவார். இந்தத் தொல்லைகளில் பலவற்றுக்குத் தீர்வு உண்டு. மாத்திரையை மாற்றலாம், துணை மருந்து தரலாம். டாமாக்சிபெனால் கருப்பையின் உள்வரிப் புற்று வரும் வாய்ப்பு சிறிதளவு கூடும். மாதவிடாய் நின்றபின் ரத்தக்கசிவு கண்டால் உடனே வந்து காட்டவேண்டும் என்பதையும் சொல்லியே அனுப்ப வேண்டும். மறைத்தால் பிறகு பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி அவர் பயந்து நிறுத்துவார்.

ஈ.ஆர். உள்ள எல்லோருக்கும் கீமோ தேவையா? இங்கே தேர்வு மறுபடி வருகிறது. 2018இல் வெளியான டெய்லர்-எக்ஸ் ஆய்வு, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் கட்டியின் 21 மரபணுக்களைச் சோதித்து, நெறியில் நோய் இல்லாத, 50 வயதைத் தாண்டிய பெண்களில் பெரும்பாலோர் கீமோவை விட்டுவிட்டு மாத்திரையோடு நிற்கலாம் என்று காட்டியது. சோதனையின் விலை நம்மில் பலருக்கு எட்டாது. ஆனாலும் கட்டியின் அளவு, தரம், நெறிகள், வயது இவற்றை வைத்து, “இந்தக் கீமோவால் எனக்கு எவ்வளவு கூடுதல் பலன்?” என்று ஒரு பெண் கேட்கலாம். அதற்கு எண்ணில் பதில் சொல்லும் கடமை மருத்துவருக்கு உண்டு.

ஹெர்-2 என்ற புரதம் மிகுதியாக உள்ள கட்டிகள் வேகமானவை. ஒரு காலத்தில் அந்த வரியைப் படிக்கும்போதே எங்களுக்கு மனம் கனக்கும். அமெரிக்க மருத்துவர் டென்னிஸ் ஸ்லாமனின் உழைப்பால் 1998இல் வந்த டிராஸ்டுசுமாப் அந்த நிலையை மாற்றியது. தொடக்கத்தில் அதன் விலை கேட்டு எழுந்து போன குடும்பங்கள் உண்டு. இந்தியாவிலேயே தயாராகும் நிகர் மருந்துகள் வந்தபின் எத்தனையோ பேருக்குக் கைக்கெட்டியது. ஓராண்டு கொடுப்பது வழக்கம். ஆறு மாதம் போதும் என்று பிரிட்டனில் ஓர் ஆய்வு சொன்னது, பிரான்சில் நடந்த ஆய்வு அதை உறுதிசெய்யவில்லை. ஆனாலும் பணமில்லாததால் முழுதாகக் கைவிடுவதைவிட முடிந்தவரை கொடுப்பதே மேல் என்பது என் கருத்து. மூன்று வரியிலும் இல்லை என்று வரும் வகைக்குக் கீமோவே முதல் ஆயுதம். சிலருக்கு இப்போது எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்தும் சேர்கிறது. இந்த வகை உள்ள இளம்பெண்களுக்கு குடும்பத்தில் கடத்தப்படும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றத்துக்கான சோதனையைக் கட்டாயம் யோசிக்கவேண்டும். அந்த அறிக்கை அவருடைய அக்கா தங்கைக்கும் மகளுக்கும் சேர்த்துப் பேசுகிறது.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் ஓர் ஆய்வை இங்கே சொல்லாமல் போகமுடியாது. ஆபரேஷனில் கட்டியை வெட்டுவதற்குச் சில நிமிடம் முன்பு, அதைச் சுற்றி லிடோகெய்ன் என்ற மரத்துப்போகும் ஊசியைப் போட்டார்கள். 11 இந்திய மருத்துவமனைகள், 1,600 பெண்கள். 2023இல் வந்த முடிவு: ஐந்தாண்டுக்குப்பின் உயிரோடு இருந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 90.1 விழுக்காடு, போடாதவர்களில் 86.4 விழுக்காடு. எளிதாகக் கிடைக்கும் மருந்து அது. வேறு நாடுகளிலும் இதை உறுதிசெய்ய வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். பெரிய நிறுவனம் எதற்கும் லாபம் தராத ஒரு கேள்வியை நம் மருத்துவர்கள் கேட்டார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

இனி, சொல்லக் கடினமான பகுதி. அறைக்கு வெளியே தாயை உட்காரவைத்துவிட்டு மகன் மட்டும் உள்ளே வருவார். “டாக்டரம்மா, அம்மாகிட்ட கேன்சர்னு மட்டும் சொல்லிடாதீங்க. தாங்கமாட்டாங்க.” அந்தப் பிள்ளையின் அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. “தம்பி, அம்மாவுக்கு முடி கொட்டப்போகுது, ஆபரேஷன் நடக்கப்போகுது. அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சுக்கிட்டு உங்ககிட்டயும் சொல்லாம தனியா பயந்துகிட்டிருப்பாங்க” என்பேன். அம்மாவை உள்ளே அழைத்து, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று அவரிடமே கேட்பேன். பெரும்பாலான தாய்மார்கள் முன்பே ஊகித்திருந்தார்கள். சிலர், “எனக்கு வேண்டாம்மா, பையன்கிட்டயே சொல்லுங்க” என்றார்கள். அதுவும் அவர் எடுத்த முடிவு. மகன் அவருக்குப் பதில் எடுத்ததல்ல.

எலும்பு, ஈரல், நுரையீரல் என்று நோய் பரவியபின் வருகிறவர்களிடம் பேச்சு வேறு. “கட்டியையாவது எடுத்துடுங்க” என்று மன்றாடுவார்கள். டாட்டா மருத்துவமனை இதையும் 350 பெண்களிடம் சோதித்து 2015இல் சொன்னது: பரவியபின் மார்பிலுள்ள கட்டியை எடுப்பதால் ஆயுள் கூடவில்லை. புண்ணாகி நாறி வேதனை தந்தால் எடுக்கலாம். மற்றபடி அந்தப் பணமும் உடல் வலிமையும் மருந்துக்குப் போகட்டும். ஈ.ஆர். உள்ளவர்கள் பரவிய நோயோடும் பல ஆண்டுகள் வீட்டு வேலை செய்துகொண்டு வாழ்வதைப் பார்த்திருக்கிறேன். வலிக்கு மார்ஃபின் மாத்திரை கேட்பது தோல்வியன்று. அதைக் கடைசி வாரம் வரை தள்ளிப்போடுவது கொடுமை.

நாட்டு வைத்தியத்தை மட்டும் நம்பிப் போகலாமா என்றும் கேட்கிறீர்கள். அமெரிக்காவில் 2018இல் வெளியான ஆய்வில், மாற்று வைத்தியத்தை மட்டும் எடுத்துக்கொண்ட மார்பகப் புற்றுநோயாளிகள் இறக்கும் வாய்ப்பு வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேல் இருந்தது. இதில் இரண்டு வழிகள் இல்லை.

இந்த அறக்கட்டளை மூலமாக அரசுக்கும் மருத்துவமனைகளுக்கும் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன். முதலாவது, திசுச் சோதனை முடிந்த ஒவ்வொரு பெண்ணிடமும் தமிழில் ஒரே ஒரு தாள் கொடுங்கள்: கட்டியின் அளவு, நெறிகளின் நிலை, அந்த மூன்று வரிகள், மார்பைக் காக்க முடியுமா, முடியாதென்றால் ஏன், கரண்ட் எத்தனை நாள். அதை அவர் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கட்டும்; படிக்கத் தெரியாதவருக்குப் பேத்தி படித்துக்காட்டட்டும். இரண்டாவது, 2021 முதல் தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அதே பையில் டாமாக்சிபெனும் லெட்ரோசோலும், எந்த ஊரிலும் எந்தப் பெண்ணுக்கும் விடுபடாமல், ஐந்தாண்டும் வரவேண்டும். கொண்டுவரும் பெண் பணியாளர், “இந்த மாசம் எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கும்மா? உடம்புக்கு என்ன செய்யுது?” என்று கேட்கவும், பதிலைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் சேர்க்கவும் அவருக்குப் பயிற்சி தரவேண்டும்.